பன்னிரண்டாவது இழைப்புளி

ஐயா, உங்களிடம் ஒரு கேள்வி கேட்கலாமா? இன்று சரிசெய்கிறேன், நாளை சரிசெய்கிறேன் என்று நீங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வருவது உங்கள் வாழ்வில் எது? கொல்லைக் கதவின் கொண்டியாக இருக்கலாம், கட்டிலின் காலாக இருக்கலாம், யாரிடமும் சொல்ல முடியாத வேறு ஒன்றாகவும் இருக்கலாம். உடனே விடை சொல்ல வேண்டாம். தென்காசிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. யோசித்துச் சொல்லுங்கள். அதுவரை நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஏன் கேட்டேன் என்றால், இந்த ஜன்னல் அடைப்பைப் பாருங்கள். அம்பாசமுத்திரத்தில் கிளம்பியதிலிருந்து கடகடவென்று ஆடிக்கொண்டே வருகிறது. சட்டத்தில் இரண்டு திருகுகள் தளர்ந்திருக்கின்றன. இந்த இருக்கையில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் அமர்கிறார்கள்? ஒருவருக்காவது அதை முறுக்கிவிடத் தோன்றியதா? சற்று இந்தப் பொதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கவனம், கனமாக இருக்கும். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பார்கள். நான் திருப்புளி வைத்திருக்கிறேன். இதோ, ஒன்று. இதோ, இரண்டு. இன்னும் ஒரு சுற்று. இன்னும் ஓர் அரைச் சுற்று. கேட்கிறதா அமைதி? உறுதி என்றால் இதுதான் ஐயா. இனி இது துளியும் அசையாது.

என் பெயர் குற்றாலலிங்கம். உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தோரு ஆண்டுகள் கைத்தொழில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தச்சு வேலை கற்பித்தேன். திங்கட்கிழமைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நீதிக்கதை சொல்லும் பொறுப்பும் என்னுடையதுதான். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. திங்கட்கிழமைகளில் மட்டும் மாணவர்கள் பலர் தாமதமாக வந்ததற்குப் பேருந்துகளின் ஒழுங்கின்மையே காரணம். அன்று வந்த பேருந்துகளும் இதைப் போன்றவைதாம்.

நடத்துநர் போகிற போக்கில் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா? விழாவிட்டால் நல்லது. விழுந்துவிட்டதா? "சார்வாள், இன்னைக்காவது தென்காசி வரைக்கும் வருவியளா, இல்ல கடையத்துலயே எறங்கிருவியளா?" என்கிறார். சிரிக்கிறார் வேறு. நான் மூன்று முறை தென்காசிக்குச் சீட்டு எடுத்துக் கடையத்தில் இறங்கியது உண்மை. முதல் முறை தலைவலி. இரண்டாம் முறை வீட்டு வெளிக்கதவைப் பூட்டினேனா என்று ஐயம். மூன்றாம் முறை, கடையத்தில் தேநீர் நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். இவற்றில் கேலிக்கு என்ன இருக்கிறது?

அந்தப் பொதியை நீங்களே மடியில் வைத்திருங்கள், அவசரமில்லை. துணியை விலக்கிப் பார்க்கலாம். இழைப்புளி. மரத்தை இழைத்து மட்டமாக்கும் கருவி. வேங்கை மரம். ஓய்வு பெற்ற பிறகு நான் இவற்றைச் செய்து விற்கிறேன். மரவேலை என் பொறுப்பு. உலோக வேலை முழுவதும் என் மைத்துனன் ஆவுடையப்பன் பொறுப்பு, மனைவியின் தம்பி. தென்காசியில் லேத்து எந்திரம் போட்டுக் கடைசல் பட்டறை வைத்திருக்கிறான். பிளேடு, அதை அழுத்திப் பிடிக்கும் குறுக்குக் கம்பி, கைப்பிடியை உடலோடு பிணைக்கும் நீண்ட போல்ட், அடியில் தேயாமல் இருக்கப் பதிக்கும் பித்தளைத் தகடு எல்லாம் அவன் கடைந்தும் அறுத்தும் தருவான். மரத்தில் அவற்றைப் பொருத்துவது நான்.

பொருத்துவதுதான் ஐயா கலை. செய்வது எளிது. மரமும் உலோகமும் வேறு வேறு குலம். அவற்றைப் பிரியாதபடி சேர்த்து வைப்பதில் நான் சமரசம் செய்துகொண்டதே இல்லை. கைப்பிடி போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரக்காரன் நேராக மரத்தில் திருகுவான். ஆறு மாதத்தில் மரத்தின் மரை தேய்ந்து கைப்பிடி ஆடும். நான் உள்ளே முதலில் மரை போட்ட பித்தளைக் குழலைப் பதித்து, அதற்குள்தான் போல்ட்டை இறக்குவேன். பித்தளைத் திருகு இருக்கிறதே, அது மென்மையானது, நேராக முறுக்கினால் தலை முறியும். ஆகவே சிறு துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகை முதலில் உள்ளே செலுத்தி வழி உண்டாக்கி, அதைக் கழற்றிவிட்டு, பித்தளைத் திருகில் மெழுகு தடவி முறுக்குவேன். வெண்ணெயில் கத்தி போல இறங்கும். இதை வைத்து நான் ஒரு கதை சொல்வதுண்டு. ஒரு ஊரில் ஒரு அண்ணன், ஒரு தம்பி. அண்ணன் இரும்பு, தம்பி பித்தளை...

கொட்டாவி விட்டீர்களா? இல்லையா? சரி. கதையைப் பிறகு சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஆடியில், இதே போலச் சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில், சேலத்திலிருந்து ஒரு தச்சுப் பயிற்சிக் கூடத்தார் பன்னிரண்டு இழைப்புளிகள் கேட்டு எழுதினார்கள். பித்தளை அடித்தகடு பதித்தவை. ஆவுடையப்பன் தகடுகளை அறுத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஒவ்வொரு தகட்டிலும் ஆறு துளைகள். நடுவில் இரண்டு, ஓரங்களில் நான்கு. ஓரத்துத் துளைகள் வட்டமாக இல்லை. குறுக்குவாட்டில் சற்று நீண்டிருந்தன.

"என்ன ஆவுடையப்பா, அரம் வழுக்கிவிட்டதா?" என்றேன்.

"வழுக்கல அத்தான். வேணும்னுதான் நீட்டிருக்கேன். மரம் சும்மா கெடக்காதுல்லா. இந்தச் சாரல்ல தண்ணி குடிச்சுப் பெருத்துப்போய் இருக்கு. சேலத்து வெயிலுக்குப் போனா சுருங்கும். பித்தளை சுருங்காது. ரெண்டையும் சேத்து வச்சு இறுக்குனா ஒண்ணு கிழியும். கிழியப் போறது ஒங்க மரந்தான்."

"ஆக, தகடு ஆட வேண்டும் என்கிறாய்."

"ஆட வேண்டாம். நடுவுல ரெண்டு ஸ்க்ரூ இறுக்கமாப் பிடிச்சுக்கிடும். ஓரத்துல உள்ளது பிடிச்சமாதிரியே இருக்கும், ஆனா மரம் அரை நூல் நகரணும்னா விட்டுக்குடுக்கும். பசையும் போடாதிய."

அரை நூல் என்பது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. கேட்பதற்குச் சிறியதாக இருக்கிறது அல்லவா? தீமைகள் எல்லாம் தொடக்கத்தில் அரை நூல்தான். நான் அவனை உட்கார வைத்து, தேர்ச் சக்கரத்தின் கடையாணியைப் பற்றிய கதையைச் சொன்னேன். ஒரு ஊரில் ஒரு கொல்லன், கடையாணிக்கு அரை நூல் இடம் விட்டான். தேர் மூன்று தெரு போனது. நான்காவது தெருவில் சக்கரம் தனியாகப் போனது. ஆவுடையப்பன் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு முழுவதையும் கேட்டான். கேட்டுவிட்டு, "கத முடிஞ்சுதா அத்தான்? அப்பம் வட்டமாவே போட்டுட்டு வாரேன்" என்று தகடுகளை வாரிக்கொண்டு போனான். மறு வாரம் புதிய தகடுகள் வந்தன. எல்லாத் துளைகளும் வட்டம். அவனுக்கு என் கதை புரிந்துவிட்டது என்று நான் உலகம்மாளிடம் சொன்னேன். உலகம்மாள் என் மனைவி. அவள், "புரிஞ்சுதோ, போதும்னு இருந்துச்சோ" என்றாள். அவள் அதிகம் படித்தவள் இல்லை.

ஐயா, மழை அடிக்கிறதே. ஆழ்வார்குறிச்சி தாண்டினாலே இப்படித்தான். அடைப்பை இறக்குகிறேன். வராது போலிருக்கிறதே. நீங்களும் ஒரு கை கொடுங்கள். இன்னும் பலமாக. என்ன இது, அரசு வண்டியில் ஓர் அடைப்புகூட ஒழுங்காக இறங்காதா? சற்று முன்பு வரை கலகலவென்று இருந்ததே என்கிறீர்களா? இருந்தது. நான் முறுக்கியதால் என்கிறீர்களா? இருக்கலாம். உங்கள் தோளில் நனைகிறது. பொதியின் மேல் துணியைப் போடுங்கள், மரத்துக்கு ஈரம் ஆகாது. திருப்புளியை எடுக்கிறேன். அரைச் சுற்று தளர்த்தினால், ஆ, வந்துவிட்டது. இப்போது இறங்குகிறது, ஆடவும் இல்லை. பாருங்கள், எல்லாவற்றுக்கும் ஓர் அளவு உண்டு. இதில் கதை ஒன்றும் இல்லை. வெறும் ஜன்னல்தான்.

எங்கே விட்டேன்? வட்டத் துளைகள். பன்னிரண்டில் பதினொன்றை என் கையாலேயே முடித்தேன். தகட்டின் பின்புறம் பசை, அதன் மேல் ஆறு திருகுகள், ஒவ்வொன்றையும் கை நடுங்கும் வரை முறுக்கினேன். தகடும் மரமும் ஒரே உடலாயின. பன்னிரண்டாவதை முடிக்க வேண்டிய நாளில் கல்லிடைக்குறிச்சியில் ஒரு வாசகர் மன்றத்து ஆண்டு விழா. 'பிறர் சொல்லுக்குச் செவி கொடுத்தல்' என்ற தலைப்பில் நான் பேச வேண்டியிருந்தது. இரண்டரை மணி நேரம் பேசினேன். இறுதிவரை அமர்ந்திருந்தவர் மூவர். மூவரும் முத்தான மனிதர்கள், அவர்களில் ஒருவர் ஒலிபெருக்கிக்காரர். நான் இல்லாத அந்நாளில் ஆவுடையப்பன் வந்து பன்னிரண்டாவதைத் தானே பொருத்தி, எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிக் கட்டிவிட்டுப் போயிருந்தான். நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. சேலத்துக்கு அனுப்பினோம்.

பங்குனியில் பெட்டி திரும்பி வந்தது.

உள்ளே ஒரு கடிதம். இழைப்புளிகளின் அடிப்பகுதி வெடித்துவிட்டது, தகட்டின் ஓரத்துத் திருகுகளை ஒட்டி மரம் நீளவாக்கில் பிளந்துவிட்டது, பயிலுநர்கள் கையில் எடுக்க இயலவில்லை என்று எழுதியிருந்தார்கள். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். என் வேங்கை மரம், ஐயா. இரண்டு ஆண்டுகள் நிழலில் உலர்த்திய மரம். தகட்டில் ஒரு கீறல் இல்லை. மரம் வாய் பிளந்து கிடந்தது.

யாருடைய தவறு இது என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? திருகு யார் கொடுத்தது? ஆவுடையப்பன். தகடு யார் கொடுத்தது? ஆவுடையப்பன். மரம் பிளந்தது எங்கே? திருகு இருந்த இடத்தில். அன்று எனக்கு இந்தக் கணக்குத் தெளிவாக இருந்தது.

சித்திரையில் என் மகள் தாமரைக்கு நிச்சயதார்த்தம். ஒரே மகள். மாப்பிள்ளை வீட்டார், உறவினர், ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். பந்தி நடந்துகொண்டிருந்தது. சம்பந்தி என்னைப் பார்த்து, "சார்வாள், பிள்ளைகளுக்கு நல்ல வார்த்தை நாலு சொல்லுங்க" என்றார். அவர் புதிய உறவு, என்னைப் பற்றி அறியாதவர். நான் ஒலிவாங்கியை எடுத்தேன். ஆவுடையப்பனைக் குறித்துப் பேச வேண்டும் என்று நான் எண்ணவே இல்லை. இல்லற உறுதியைப் பற்றிப் பேசினேன். உறுதியைச் சொன்னால் திருகு வரும் அல்லவா? திருகு வந்தால் கதை வரும். ஒரு ஊரில் இரண்டு தொழிலாளர்கள். ஒருவன் உண்மையானவன், மற்றவன் கடைசல்காரன், வேலையில் அக்கறை இல்லாதவன், நல்ல மரத்தைக் கெட்ட திருகால் பாழாக்கியவன் என்று சொல்லிக்கொண்டே போனேன். பெயர் சொல்லவில்லை. கூடத்தில் கடைசல்காரன் ஒருவன்தான் இருந்தான் என்பதை நான் பிறகுதான் உணர்ந்தேன். எல்லாத் தலைகளும் மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பின.

ஆவுடையப்பன் அப்போது சோற்றில் ரசம் ஊற்றச் சொல்லிக் கையைக் குவித்திருந்தான். குவித்த கையை மெல்ல விரித்தான். இலையை மூடாமல், பாதியில் எழுந்தான். கை கழுவினான். என்னருகே வந்து, "சரி அத்தான்" என்றான். அவ்வளவுதான். தாமரை பின்னாலேயே வாசல்வரை ஓடியதைப் பார்த்தேன். நான் பேச்சை நிறுத்தவில்லை. நடுவில் நிறுத்தினால் கதையின் நீதி போய்விடும்.

அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான் மனத்தில் எதையும் வைத்துக்கொள்பவன் இல்லை, ஐயா. ஒரே மாதத்தில் அவனை மன்னித்துவிட்டேன். அவனுக்குத்தான் அது தெரியவில்லை.

ஆனியில் உலகம்மாள் மட்டும் தென்காசிக்குப் போய்த் தம்பிக்குப் பத்திரிகை வைத்தாள். வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டானாம். வாங்கிக்கொண்டு, "அக்கா, கண்டிப்பா வாரேன். பந்தல் வாசல்ல நிக்கேன், வாரவங்களுக்கு சந்தனம் குடுக்கேன். தாய்மாமன் கைபிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வாரதை மட்டும் வேற யாரையாவது வச்சுச் செய்யச் சொல்லு. நான் பிடிச்சா, கடைசல்காரன் பிடிச்ச பிடி நிக்காதுன்னு அத்தான் மைக்கைப் பிடிச்சு ஒரு கத சொல்லிருவாவ" என்றானாம். சொல்லும்போது சிரித்தானாம். உலகம்மாள் அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

தாமரையிடம், பெரியப்பா மகன் கைபிடிக்கட்டும் என்றேன். அவள் வங்கியில் வேலை பார்க்கிறாள், குரலை உயர்த்தாமல் பேசுவாள். "அப்பா, எனக்கு மொத மொட்டை போட்டது மாமா மடியில. காது குத்துனது மாமா மடியில. மாமா வந்து கையப் பிடிச்சா மணவறைக்கு வருவேன். இல்லன்னா நீங்க எல்லாருக்கும் சாப்பாடு போட்டுக் கத சொல்லி அனுப்புங்க. நான் உள்ளேயே இருந்துக்கிடுதேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். உலகம்மாளைப் பார்த்தேன். அவள், "என்னைப் பாக்காதிய, நானும் அவகூட உள்ளதான் இருப்பேன்" என்றாள்.

ஆவணி பிறந்துவிட்டது. திருமணம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. இன்று புதன்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். ஆவுடையப்பனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதினாறு பக்கம். அதில் மூன்று கதைகள், ஒவ்வொன்றின் இறுதியிலும் அவன் சிந்திக்க வேண்டிய கேள்விகள். அஞ்சலில் சேர்க்கச் சொல்லி உலகம்மாளிடம் கொடுத்தேன். மறுநாள் காலை விறகடுப்பில் வெந்நீர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கொதித்திருந்தது.

என்ன ஐயா, வண்டி நிற்கிறதே. கடையமா? அதற்குள்ளா? சற்றுக் கால்களை விலக்குங்கள். நான் இறங்க வேண்டும். இல்லை, தென்காசிக்குத்தான் சீட்டு. ஆனால் திடீரென்று ஒரு நினைவு. சமையற்காரரிடம் வாழைக்காய் எண்ணிக்கை சொல்ல மறந்துவிட்டேன். கால்களை விலக்குங்கள் என்றேன். ஏன் விலக்க மறுக்கிறீர்கள்? பொதியையாவது கொடுங்கள். அதையும் தர மாட்டீர்களா? உங்களைப் பார்த்தால் சாதுவாக இருக்கிறீர்கள். நடத்துநரே, நீங்கள் ஏன் விசில் அடிக்கிறீர்கள், நான் இன்னும்...

போய்விட்டது. சரி. அமர்கிறேன். எனக்கும் நடத்துநருக்கும் உறவு இல்லை, உங்களுக்கும் அவருக்கும் உறவு இல்லை; இருவரும் சேர்ந்து ஒரு முதியவனை இப்படிச் செய்வது என்ன நியாயம்?

கடிதம் பற்றிக் கேட்கிறீர்கள். என் கடிதமா? சேலத்துக் கடிதமா? அது இங்கே பையில்தான் இருக்கிறது. படித்ததைத்தான் சொன்னேனே. வெடித்துவிட்டது, கையில் எடுக்க இயலவில்லை. அதன் கீழே இன்னும் ஒரு வரி இருக்கிறது. சிறிய எழுத்து. அன்று கண்ணாடி அணியாமல் படித்ததால், உறவினரிடம் எல்லாம் அந்த வரியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நீங்களே படியுங்கள். சத்தமாக வேண்டாம்.

ஆம். 'பன்னிரண்டில் ஒன்று மட்டும் சிறு பழுதும் இன்றி நன்றாக இருக்கிறது. அதையும் திருப்பி அனுப்பியுள்ளோம். அதைப் போலவே பன்னிரண்டும் செய்து தர வேண்டுகிறோம்.'

உங்கள் மடியில் இருப்பதுதான் அது.

திருப்பிப் பாருங்கள். தகட்டின் ஓரத்துத் திருகுகளைப் பாருங்கள். தலைக்கு இருபுறமும் நகக்கண் அளவு இடைவெளி தெரிகிறதா? முதலில் பார்த்தபோது, பார் இவனுடைய வேலைச் சுத்தத்தை என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு நாள் பிற்பகல் யாரும் இல்லாதபோது ஒரு திருகைக் கழற்றினேன். கீழே நீண்ட துளை. நான் திருப்பி அனுப்பிய பழைய தகடுகளில் ஒன்றை வைத்திருந்து பொருத்தியிருக்கிறான். பசை இல்லை. மரம் சேலத்துக்குப் போய்ச் சுருங்கியிருக்கிறது, இங்கே திரும்பி வந்து பெருத்திருக்கிறது, எல்லாம் அந்த அரை நூலுக்குள். தகடு இம்மியும் ஆடவில்லை. நான் விரல் வைத்து அழுத்திப் பார்த்தேன். கையால் பிடுங்கிப் பார்த்தேன். என்னுடைய பதினொன்றைவிட இறுக்கமாகப் பிடித்திருந்தது.

திருகைத் திரும்ப முறுக்கி வைத்தேன். எவ்வளவு முறுக்குவது என்று தெரியாமல் வெகு நேரம் கையில் திருப்புளியோடு உட்கார்ந்திருந்தேன். உலகம்மாள் பின்னால் வந்து நின்றிருக்கிறாள், எனக்குத் தெரியாது. "என்ன, இதுல ஒரு கதையும் வரலியா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன் ஐயா. உண்மையாகவே எதுவும் வரவில்லை. முப்பத்தோரு ஆண்டுகளில் எறும்பிலிருந்து கதை எடுத்திருக்கிறேன், உடைந்த சுண்ணக்கட்டியிலிருந்து எடுத்திருக்கிறேன். இதிலிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை. வெறும் பித்தளை, வெறும் மரம்.

அவள்தான் இதைத் துணியில் கட்டிக் கையில் கொடுத்தாள். "பட்டறைக்குப் போங்க. இதைத் தம்பி கையில குடுங்க. நான் செஞ்சது தப்புன்னு சொல்லுங்க. அத்தோட வாயை மூடிக்கிட்டு நில்லுங்க. அவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கிடுங்க" என்றாள். மூன்றே சொற்கள். நான் செய்தது தவறு. மூவாயிரம் பேர் முன்னிலையில் பேசியவனுக்கு மூன்று சொற்கள் ஒரு பொருட்டா? வீட்டில் கண்ணாடி முன் நின்று பயிற்சி செய்து பார்த்தேன். 'நான் செய்தது' என்று தொடங்கினால் நாக்கு தானாகவே 'என்னவென்றால்' என்று போய்விடுகிறது. அதற்குப் பிறகு 'ஒரு ஊரில்' வந்துவிடுகிறது. கடையம் வரும்போதெல்லாம் நான் இறங்கிவிடுவது அதனால்தான். தேநீருக்காக அன்று.

அவன் என்ன சொல்வான் என்ற அச்சம் இல்லை, ஐயா. அவன் ஒன்றுமே சொல்ல மாட்டான், அதுதான் கடினம். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்கத்தான், உக்காருங்க" என்று முக்காலியைத் தள்ளிப் போடுவான். அந்த முக்காலி நான் செய்து கொடுத்தது. உட்கார்ந்ததும் நான் பேசத் தொடங்கிவிடுவேன். பேசினால் அவன் வெற்றிலையை எடுத்துவிடுவான். வெற்றிலையை எடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என் மகள் அறையை விட்டு வெளியே வர மாட்டாள்.

அதோ, கோபுரம் தெரிகிறது. பேருந்து நிலையம் வந்துவிட்டது.

நீங்கள் என் முதல் கேள்விக்கு விடை சொல்லவே இல்லை. பரவாயில்லை, அதை வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு வேண்டுகோள். பட்டறை இங்கிருந்து இரண்டாவது தெருவில் இருக்கிறது. லேத்துச் சத்தம் கேட்டே போய்விடலாம். நீங்கள் ஒரு மணி நேரம் என் பேச்சைக் கேட்டும் எழுந்து வேறு இருக்கைக்குப் போகாதவர். கடையத்தில் காலை விலக்காதவர். உங்களைப் போன்ற ஒருவர் எனக்கு இனிமேல் வாய்க்க மாட்டார். என்னுடன் வாருங்கள். எனக்குப் பக்கத்தில் நில்லுங்கள். நான் மூன்று சொல்லை முடிக்காமல் 'ஒரு ஊரில்' என்று தொடங்கினால், தயவு பாராமல் என் காலை மிதியுங்கள். செருப்போடு மிதியுங்கள். வலிக்கும்படி மிதியுங்கள்.

நாளை வருகிறேன் என்று சொல்லாதீர்கள். நாளை வேறு நடத்துநர், வேறு இருக்கை, என் காலைத் தடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். இன்றே வர வேண்டும். இப்போதே. பொதியை என்னிடம் தர வேண்டாம், நீங்களே பிடித்துக்கொண்டு முன்னால் நடங்கள். உங்கள் கையில் இருந்தால் நான் பின்னால் வந்துதானே ஆக வேண்டும். எழுந்திருங்கள் ஐயா. படியில் பார்த்து இறங்குங்கள், ஈரமாக இருக்கிறது. நடங்கள், நான் வருகிறேன்.